பெர்டனின் புத்தகங்களை மறுபடி அலமாரியில் வையுங்கள்

எங்கள் நகர நூலக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். எந்தப் புத்தகங்களைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். கனடிய எழுத்தாளர் பியர் பெர்டன் எழுதிய போர் வரலாறுகள் எங்கள் கிளையில் மூன்று இருந்தன: அமெரிக்கா கனடாமீது படையெடுத்த 1812 போரைப் பற்றிய இரண்டு பாகங்கள், முதல் உலகப் போரில் பிரான்சின் விமி மேட்டில் கனடியர்கள் போரிட்ட சண்டையைப் பற்றிய ஒன்று. சென்ற மாதம் மூன்றையும் கழித்துவிட்டீர்கள். அவற்றை மறுபடி அலமாரியில் வைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்டாரியோவில் அந்த வகுப்புக்கு முதல் உலகப் போரிலிருந்து தொடங்கும் கனடா வரலாறு கட்டாயப் பாடம். விமியைப் பற்றி ஒப்படை எழுத வேண்டும் என்றாள். நம் நூலகத்திலேயே நல்ல புத்தகம் இருக்கிறது, நானே அங்கே உட்கார்ந்து படித்திருக்கிறேன் என்று சொல்லி, கொட்டும் பனியில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அலமாரியில் இல்லை. கணினியில் தேடினால் பெயரே வரவில்லை. கடைசியில் வாசலோரம் ஒரு டாலர் விற்பனை வண்டியில், பழைய சமையல் புத்தகங்களுக்கு அடியில், 'நீக்கப்பட்டது' என்ற முத்திரையோடு கிடந்தது. மற்ற இரண்டும் போய்விட்டன. மூன்று வருடமாக யாரும் இரவல் எடுக்கவில்லை என்று பணியாளர் சொன்னார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை, பட்டியல் போட்டது அவரில்லையே. ஆனால் அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு எழுந்து போகிற என்னைப் போன்றவர்கள் உங்கள் கணக்கில் எங்கே வருகிறோம்?

மகள் ஒரு டாலர் கொடுத்து அதை வாங்கினாள். அவள் வகுப்பில் இன்னும் மூன்று பேருக்கு அதே தலைப்பு. இப்போது அந்தப் பிரதி எங்கள் வீட்டிலிருந்து கைமாறிக்கொண்டிருக்கிறது. நூலகம் செய்ய வேண்டிய வேலை அது.

பெர்டன் கனடாவின் வடமேற்குக் கோடியான யூகானில் பிறந்து டாசன் நகரில் வளர்ந்தவர். 21 வயதில் வன்கூவரில் ஒரு நாளிதழின் நகரச் செய்தி ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்தும் போர்க்களம் காணாமலேயே போர் முடிந்துவிட்டது. அப்புறம் 1951இல் 'மக்லீன்ஸ்' இதழுக்காகக் கொரியப் போருக்குச் செய்தியாளராகப் போனார். பத்திரிகைக்காரர் என்பதால்தான் அவருடைய வரலாற்றில் தளபதிகள் மட்டுமில்லாமல், சேற்றில் நின்ற சிப்பாயும் பேசுகிறான். குடிவந்த நாட்டின் கதையை நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

விமியில் 1917 ஏப்ரல் 9 தொடங்கி நான்கே நாளில் 3,598 கனடியர்கள் இறந்தார்கள், ஏழாயிரம் பேருக்கு மேல் காயம்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்களின் வார்த்தைகளைக் கொண்டே பெர்டன் அந்தப் புத்தகத்தை எழுதி 1986இல் வெளியிட்டார். இவ்வளவு உயிரைக் கொடுத்தது தகுமா என்று முடிவில் கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். முதல் உலகப் போரில் சேவையாற்றிய கனடியர்களில் நாம் அறிந்த கடைசி மனிதர், ஜான் பாப்காக், 2010இல் காலமானார். இனி யாரிடம் போய்க் கேட்பது?

போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 11 வந்தால் ஊரெல்லாம் பாப்பிப் பூ, இரண்டு நிமிட மௌனம். மறக்கமாட்டோம் என்று பிள்ளைகளைச் சொல்லவைக்கிறோம். மறக்காமலிருக்க அவர்கள் எதைப் படிப்பார்கள் என்று யாருக்கும் அக்கறை இல்லை. பள்ளிகளும் அப்படித்தான், நாலு பக்க அச்சுத்தாளோடு விமி முடிந்துவிடுகிறது. சரி, பள்ளிகளின் குறையை உங்கள் தலையில் போடவில்லை, மன்னியுங்கள். இடநெருக்கடியும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இரவல் கணக்கை மட்டும் பார்த்து வரலாற்று நூல்களைக் கழிக்காதீர்கள். அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

1812 பாகங்கள் இரண்டையும் தயவுசெய்து மறுபடி வாங்குங்கள். விமிப் பிரதியை, பிள்ளைகள் நால்வரும் ஒப்படையை முடித்ததும், நாங்களே கொண்டுவந்து தருகிறோம். 'நீக்கப்பட்டது' என்ற அந்த முத்திரையை அழித்துவிட்டு, புதிதாக ஒரு எண் போட்டு, இருந்த இடத்திலேயே வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கிளையின் வாசகன்