ஊசியைப் பற்றி ஒரு வரி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் உளநோய் வாட்டைப் பற்றிய கட்டுரையில், “மாத ஊசி போட்டே ஆளைப் படுக்கவைத்து விடுகிறார்கள்” என்று ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர் அந்த ஊசியைக் கண்ணால் கண்டாரோ என்னவோ, நான் 14 வருடமாகக் காண்கிறேன்.

என் தம்பிக்கு மூன்று கிழமைக்கு ஒருக்கா ஃபுளூஃபெனசின் டெகனோயேட் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள். மருந்து நல்லெண்ணெயில் கலந்திருக்கும். பிட்டத்துச் சதையில் தங்கி, நாள்கணக்கில் மெல்ல மெல்ல இரத்தத்தில் இறங்கும். எண்ணெய் தடிப்பு என்பதால் நேர்ஸ் ஆறுதலாகத்தான் ஏற்றுவார், பிறகு “தேய்க்காதேங்கோ” என்பார். தம்பி எழும்பிச் சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிடுவான். ஆள் கொந்தளிக்கும் நேரத்தில் வாட்டில் போடுகிற ஊசி வேறு. உங்கள் கட்டுரையாளர் இரண்டையும் ஒரே குப்பியில் அடைத்துவிட்டார்.

முதலில் குளிசைதான் கொடுத்தார்கள். அவன் விழுங்குகிறான் என்று அம்மா நம்பியிருந்தார். வேலி பிரித்து அடைத்த அன்று கிடுகுக்குள்ளிருந்து குளிசைகள் பொலபொலவென்று கொட்டின. ஊசி தப்பினால் கிளினிக் கொப்பியே காட்டிக்கொடுத்துவிடும், வேலி சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

குறை இல்லையா? இருக்கிறது. கை நடுக்கம், உடம்பு விறைப்பு, ஓரிடத்தில் இருக்கவிடாத அந்தரம். அதற்கு பென்செக்சோல் தருகிறார்கள். அதை எழுதியிருந்தால் நானே நன்றி சொல்லியிருப்பேன். 2022இல் பெற்றோல் இல்லாத நாட்களில் தம்பியைச் சைக்கிளில் ஏற்றி மிதித்தேனே, அப்போது உங்கள் நிருபர் ஒருவரையும் கிளினிக் வாசலில் காணவில்லை. வாசல் காவலாளி மட்டும் நின்றார், “விசர் கிளினிக் அந்தப் பக்கம்” என்று ஊருக்கே கேட்கக் கத்திக்கொண்டு. நீங்களும் குறைவில்லை. ‘மனநோயாளி கைவரிசை’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள், ‘சலரோகக்காரர் கைவரிசை’ என்று ஒருநாளும் கண்டதில்லை. மனநோய் பற்றிய நாட்டுச் சட்டம் 1873இல் எழுதியது, பத்திரிகையாவது இந்த நூற்றாண்டில் இருக்கலாமே.

சரி, கேட்பது பெரிதொன்றுமில்லை. இந்த ஊசியை டொக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று ஒரு மூலையில் இரண்டு வரி போடுங்கள். நிறுத்தினால் மறுநாள் ஒன்றும் தெரியாது, வருத்தம் திரும்பக் கிழமைகளோ மாதங்களோ ஆகலாம். தம்பி உங்கள் கட்டுரையைக் கத்தரித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறான், இனி ஊசிக்கு வரமாட்டானாம். அடுத்த தவணை புதன்கிழமை. உங்கள் பத்திரிகை அதற்கு முன் ஞாயிறு வரும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொக்குவில்.