பாதி முகத்தில் மட்டும் சித்திரை வெயில்

டேய் சுந்தரம்,

கிரகப்பிரவேசத்துக்கு வராததற்கு நீ அனுப்பிய வசவை மூன்று தடவை கேட்டேன். நியாயம்தான். வீட்டில் எல்லாரும் சுகம்தானே?

கழுத்தில் ஆபரேஷன்டா. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஐந்தாவது, ஆறாவது எலும்புக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தி, ராத்திரியெல்லாம் இடது கட்டைவிரல் வரை சுரீர் சுரீரென்று இழுத்தது. தொண்டைப் பக்கமாகத் திறந்து எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது வலி போயே போச்சு. ராஜி மட்டும் என் முகத்தையே பார்க்கிறாள். “இடது கண்ணு ஏன் சொருகுது?”

பக்கவாதம் என்றே முடிவுகட்டிவிட்டாள். டியூட்டி டாக்டர் ஓடிவந்து சிரிக்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் எடுக்க அனுப்பினார். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுத வரவில்லை. நேரில் சொல்கிறேன்.

பக்கவாதம் இல்லை, ஹார்னர் சிண்ட்ரோமாம். 1869-ல் ஹார்னர் என்ற சுவிஸ் கண் டாக்டர் எழுதிவைத்தது. இமையைத் தூக்க ஒத்தாசை செய்யும் ஒரு நரம்பு, மூளையிலிருந்து நேரே கண்ணுக்குப் போகாமல் நெஞ்சு வரை இறங்கி, நுரையீரல் உச்சியைத் தொட்டு, கழுத்து வழியாகத் திரும்ப மேலே ஏறுகிறது. நம்ம கூட்டாளி ‘கோழி’ திண்டுக்கல் போக தேனி பஸ் ஏறின கதைதான். கழுத்தெலும்பை ஒட்டிய தசைமேல் அது ஓடுகிறது. தசையை விலக்கிப் பிடித்ததில் இழுபட்டிருக்கிறது. கையெழுத்து வாங்கின தாளில் குரல் கம்மும், விழுங்கச் சிரமம் என்றெல்லாம் இருந்தது, கண்ணைப் பற்றி ஒரு வரி கிடையாது. அபூர்வமாம்! குலுக்கல் சீட்டில் ஒருநாளும் பேர் விழாதவனுக்கு இது விழுந்திருக்கிறது. கோபம் இன்னும் ஆறவில்லை.

இன்னொரு கூத்து, இடது பாதி முகம் வியர்ப்பதே இல்லை. வலப்பக்கம் ஊற்றுகிறது, இடப்பக்கம் ஊட்டி. அந்தக் கண்ணின் பாப்பாவும் சுருங்கிக் கிடக்கிறது. மங்கின வெளிச்சத்தில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, விளக்கை அணைத்துவிட்டு என் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் ராஜி. கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பார்த்ததில்லை.

பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகிவிடுமாம். சிலருக்கு அப்படியே நின்றுவிடுமாம். ஏழு வாரமாச்சு. இமை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்கிறாள். கண்ணாடி முன்னால் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், ஏறவில்லை. அவளிடம் ஏறியிருக்கிறது என்றே சொன்னேன்.

கோழியைக் கூட்டிக்கொண்டு வா. வாசலிலேயே “யாருக்குடா கண்ணடிக்கிற?” என்று கேட்பான். கேட்கட்டும், நானும் அதைத்தான் எதிர்பார்க்கிறேன். ராஜி உள்ளே காபி போடப் போன பிறகு கேட்கச் சொல். அந்த ராத்திரி அவளுக்கு இன்னும் முடியவில்லை.

உன்,
முத்து