உன் டீமில் ஏன் யாரும் பேசுவதில்லை

பாப்பா,

உன் மெயிலைப் படித்தேன். ஊழியர் கருத்துக்கணிப்பில் உன் பிரிவுக்கு மார்க் குறைந்துவிட்டது, தகவல் பரிமாற்றம் சரியில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு மருந்தாக மாதம் ஒரு செய்திமடல், ஒரு புது ஆப், எல்லோரும் கூடும் ஒரு பெரிய கூட்டம் என்று ஹெச்.ஆர். திட்டம் கொடுத்திருக்கிறது. இதில் எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளுக்கு ஆபீஸ் விவகாரம் என்ன தெரியும் என்று ஒதுக்காமல் கேட்டாயே, சந்தோஷம்.

செய்திமடல் வரட்டும், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அந்த மூன்றுமே மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்கிற வழிகள். நீ அனுப்பிய பதில்களில் ஒருவர் ஒரே வரிதான் எழுதியிருக்கிறார்: ‘சொன்னால் என்ன நடக்கும் என்று பார்த்தாகிவிட்டது.’ அவருக்கு ஆப் எதற்கு? பேச வழி இல்லை என்பது அவர் குறை இல்லை. பேசிய யாரோ ஒருவருக்கு என்ன ஆனது என்று அவர் பார்த்திருக்கிறார். அப்படிப் பேசியவர் யார், அவருக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா? முதலில் அதை விசாரி.

நோயாளி பாதுகாப்புப் பயிற்சியில் எங்களுக்கு சேலஞ்சர் விண்கலத்தின் கதையைச் சொன்னார்கள். 1986 ஜனவரி 28 அன்று கிளம்பி 73 விநாடிகளில் சிதறியது, 7 பேர் இறந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். முந்தைய இரவு நடந்ததுதான் நீ கவனிக்க வேண்டியது. ராக்கெட் பூஸ்டரைச் செய்த மார்ட்டன் தயோகால் கம்பெனியின் இன்ஜினியர்கள், பூஸ்டரின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் சரியாக வேலை செய்யாது, ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவக்கூடாது என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். அவர்களில் ஒருவர் 1985 ஜூலையிலேயே எழுத்திலும் எச்சரித்திருந்தார். நாசா தரப்பு அதிருப்தி காட்டியதும் கம்பெனி மேலதிகாரிகள் தனியாகக் கலந்து பேசினார்கள். இன்ஜினியரிங் பிரிவின் தலைவரிடம், இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போடும்படி அவருடைய மேலதிகாரி சொன்னார். அதோடு, ஏவலாம் என்று முடிவு மாறிவிட்டது.

விசாரணைக் குழு கண்டுபிடித்த இன்னொரு விஷயம்தான் எனக்கு மறக்கவே இல்லை. ஏவலாம் என்று கடைசி ஒப்புதல் கொடுத்த நாசா உயரதிகாரிகளுக்கு, முந்தைய இரவு அப்படி ஒரு வாக்குவாதம் நடந்ததே தெரியாது. எழுத்து, தொலைபேசி, கூட்டம் எல்லாம் இருந்தது. கெட்ட செய்தி மட்டும் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் மழுங்கி, கடைசிப் படிக்கு வந்து சேரவில்லை. உன் கம்பெனியில் உனக்கும் வேலை செய்கிறவருக்கும் நடுவில் எத்தனை படி என்று பார்த்துக்கொள். ‘பெரிய சிக்கல்’ என்று கிளம்புவது முதல் படியில் ‘சின்னத் தாமதம்’ ஆகும், அடுத்ததில் ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ ஆகும். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கள் துறையிலேயே ஓர் ஆராய்ச்சி உண்டு. 1990-களில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பார்த்தார். நன்றாக நடக்கும் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் வந்தது நேர்மாறு, நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. துருவிப் பார்த்தபோது, அங்கே நர்ஸ்கள் பயமில்லாமல் தவறைச் சொன்னார்கள், மற்ற வார்டுகளில் மறைத்தார்கள் என்று தெரியவந்தது. இதை நான் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்களிடம் ஒரு சீனியர் சர்ஜன் இருந்தார். கத்தி பிடிப்பதில் கெட்டிக்காரர், வாய் மோசம். அவருடைய நோயாளிக்கு ராத்திரி ரத்த அழுத்தம் இறங்கினால், நர்ஸ்கள் அவரைக் கூப்பிடாமல் ஜூனியர் டாக்டரைத்தான் எழுப்புவார்கள். தன் வார்டில் பிரச்சினையே வருவதில்லை என்று அவர் கடைசிவரை நம்பினார்.

அதனால் உன் பிரிவிலிருந்து புகாரே வராத மாதத்தைப் பார்த்துத்தான் நீ கவலைப்பட வேண்டும்.

ஆலன் முலாலி 2006-இல் ஃபோர்டுக்குத் தலைவராக வந்தபோது கம்பெனி அந்த ஒரு வருடத்தில் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் நஷ்டத்தில் போய்க்கொண்டிருந்தது. வாராந்திரக் கூட்டத்தில் ஒவ்வொரு அதிகாரியும் தன் வேலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறித்துக் காட்ட வேண்டும் என்றார். வந்த தாளெல்லாம் பச்சை! இவ்வளவு நஷ்டத்தில் எல்லாம் பச்சையா என்று கேட்டார். அப்புறம் ஒரு கூட்டத்தில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, ஒரு புது வண்டியின் வெளியீடு நிற்கிறது என்று சிவப்பு காட்டினார். இவர் வேலை போச்சு என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கை தட்டினார், இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். அடுத்தடுத்த கூட்டங்களில் மஞ்சளும் சிவப்பும் தானாக வர ஆரம்பித்தன. அந்த ஒரு நிமிடத்தில் அவர் முகம் சுளித்திருந்தால் கூட்டம் பழையபடிதான் நடந்திருக்கும். உன்னிடமும் அப்படி ஒருவர் வருவார். அன்றைக்கு நீ தூங்காமல் இருந்திருப்பாய், வேறு வேலை தலைக்கு மேல் இருக்கும். அப்போதும் ‘இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை’ என்று மட்டும் ஆரம்பிக்காதே. சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சின்ன விஷயங்கள் சில இருக்கின்றன. கூட்டத்தில் நீ கருத்தைச் சொல்லிவிட்டு ‘சரிதானே?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஜூனியரை முதலில் பேச விடு, நீ கடைசியில் பேசு. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைக்கும் முன் தியேட்டரில் இருக்கும் எல்லோரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கள் டாக்டர்கள் சிலர் சிரித்தார்கள். ஆனால் ஆரம்பத்தில் ஒரு தடவை வாய் திறந்த பெண், நடுவில் பயன்படுத்திய பஞ்சுகளின் எண்ணிக்கை சரியாக வராவிட்டால் துணிந்து சொல்லிவிடுவாள். 8 ஆஸ்பத்திரிகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்குப் பின் இறந்தவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தார்கள். பட்டியலில் வேறு பல அம்சங்களும் உண்டு, பெயர் சொன்னதால் மட்டும் குறைந்தது என்று நான் சொல்லவில்லை.

அவசரத்தில் உளறாமல் பேசவும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. இப்போது என்ன நிலைமை, அதற்குப் பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, என்ன செய்யலாம் என்கிறேன், இந்த வரிசையில் நாலே வாக்கியம். கடைசி வாக்கியம்தான் முக்கியம், ஏனென்றால் அங்கேதான் ஜூனியர் தன் யோசனையைச் சொல்லியாக வேண்டும். உன் ஆட்களுக்கு இதைப் பழக்கு, முப்பது பேருக்கு நகல் போகும் மெயில்கள் பாதியாகக் குறையும்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடாதே. முடியாது என்றால் முடியாது, காரணம் இது என்று சொல். ஆட்குறைப்பு மாதிரி வெளியே சொல்லக் கூடாத விஷயம் இருந்தால், ‘இப்போது சொல்ல முடியாது, இந்தத் தேதியில் சொல்கிறேன்’ என்று சொல், அந்தத் தேதியில் சொல்லவும் செய். இல்லாவிட்டால் வதந்தி அந்த வேலையைச் செய்துவிடும், அது எப்போதும் உண்மையைவிட மோசமாகத்தான் இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு உனக்கு ஏதாவது தோன்றினால் எழுதி வைத்துக்கொண்டு காலையில் அனுப்பு. ‘அவசரமில்லை’ என்று சேர்த்து அனுப்பினாலும் அவர்கள் எழுந்து உட்கார்ந்து பதில் எழுதுவார்கள்.

செய்திமடலுக்குத் தலைப்பாக ‘நாம் ஒரே குடும்பம்’ என்று யோசித்திருக்கிறாயே, தயவுசெய்து அது வேண்டாம். வீட்டில்தான் ஆட்கள் அதிகம் மறைக்கிறார்கள். கெமிஸ்ட்ரி மார்க்கை அப்பாவிடம் யார் மறைத்தது என்று நான் இங்கே எழுதத் தேவையில்லை.

வேலையை விட்டுப் போகிறவர்களிடம் காரணம் கேட்கும் படிவத்தையும் அனுப்பியிருந்தாய். அவர்கள் இன்னொரு இடத்தில் சான்றிதழ் வாங்க வேண்டியவர்கள், நல்லதாகத்தான் எழுதுவார்கள். இருக்கிறவர்களிடம் போய், ‘இந்த வாரம் எது உங்கள் வேலையை இழுத்தது?’ என்று தனியாகக் கேள். முதல் சில தடவை ஒன்றுமில்லை என்பார்கள், விடாமல் கேள். யாராவது ஒருவர் சின்னதாக ஏதாவது சொல்வார், பிரின்டர் மாதிரி. அதை உடனே சரிசெய்து கொடு. பெரிய விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

அந்த ஒரு வரி எழுதியவர் யார் என்று மட்டும் தேடாதே. பெயர் வேண்டாம் என்று சொல்லித்தானே கணிப்பு எடுத்தீர்கள். நடந்தது என்ன என்பதை வேறு வழியில் தெரிந்துகொள்ளலாம்.

அப்பா நன்றாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, கூட்டம் எப்படிப் போனது என்று கேட்க வேண்டும்.

அம்மா