இரு மொழியில் வந்த உறை

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கு நலம். நீங்கள் அனுப்பிய மயிலிட்டிக் காணி உறுதியின் பிரதி கிடைத்தது.

பனி இன்னும் கரையவில்லை. நேற்று இரவு வேலை முடிந்து வந்தபோது, அரசாங்கத்திலிருந்து வந்த கடித உறையில் ஆங்கிலமும் பிரெஞ்சும் அருகருகே அச்சாகியிருந்தன. எங்கள் தெருவில் பிரெஞ்சு பேசுபவர் எவரையும் நான் கண்டதில்லை. ஆனாலும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசு இரு மொழிக்கும் சம இடம் தரவேண்டும். உறையைப் பிரிக்காமல் அப்பாவை நினைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பின், சிங்களப் பரீட்சையில் தேறாத அரசாங்க ஊழியருக்குச் சம்பள உயர்வு இல்லை என்ற நிலையில், தமிழுக்கும் இடம் தருவதாகப் பிரதமர் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம் நிலைக்கும் என்று நம்பிக் காத்திருந்து, 1958இல் அது கிழிக்கப்பட்ட பிறகு வேலையை விட்டுவிட்டு வீடு வந்தவர் அவர். பெரியண்ணனுக்கு 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது: பொறியியலுக்குத் தமிழ்வழி மாணவருக்கு 250 புள்ளி, சிங்களவழி மாணவருக்கு 227. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோதும் 1983 ஆடியில் தமிழர் தாக்கப்பட்டபோதும் நடந்தவை உங்களுக்குத் தெரியும். போர் 1983இல் தொடங்கியது என்று இங்கே சொல்கிறார்கள். நம் வீட்டில் அது அப்பாவின் மேசையில் தொடங்கியது.

நாம் மட்டுமே இழந்தோம் என்று என் பிள்ளைகளுக்கு நான் சொல்வதில்லை. 1990 ஆனியில் மயிலிட்டியை விட்டு ஓடி யாழ்ப்பாணம் வந்த நம் பிள்ளைகளுக்குக் கூலி வாங்காமல் சட்டை தைத்துத் தந்தாரே சோனகத் தெரு முஸ்லிம் தையற்காரர், அவரையும் அவர் சனத்தையும் அதே ஆண்டு ஐப்பசியில் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி புலிகள் இயக்கம் சொன்னபோது, அகதிகளாக இருந்த நாமே வாய்திறக்கவில்லை. அவர் புத்தளத்தில் இருக்கிறாரா என்று யாரிடமாவது விசாரித்து எழுதுங்கள்.

காணியை விற்கவேண்டாம். எல்லைக் கற்கள் இல்லையென்றால் நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். செலவை நான் அனுப்புகிறேன். பங்கு பிரிப்பதற்காகச் சின்னம்மாவின் மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று ஒருவரும் சின்னம்மாவிடம் பேசவேண்டாம். 2009 வைகாசியில் வட்டுவாகலில் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, 2017 முதல் அவன் எங்கே என்று கேட்டு வீதியோரப் போராட்டத்தில் இருக்கும் தாயிடம் அந்தத் தாளை எப்படிக் கேட்பது? அவனுடைய பங்கு அவன் பெயரிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
தம்பி