டிக்கெட்டுக்கு ஒரு பவுண்டு: செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஸ்டீவ் ஜோன்ஸ், பால் குக், க்ளென் மேட்லாக் ஆகியோருக்கு,

வணக்கம். 2024 ஆகஸ்டில் லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் இருக்கும் புஷ் ஹால் என்ற சிற்றரங்குக்கு நிதி திரட்டித் தருவதற்காகத்தான், 1970-களில் பங்க் என்ற கலக ராக் இசையால் பெயர் பெற்ற செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் நீங்கள் மூவரும் பாடகர் ஃப்ராங்க் கார்ட்டரைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் மேடையேறினீர்கள். 1904-இல் கட்டப்பட்ட, சில நூறு பேர் நெருக்கியடித்து நிற்கக்கூடிய அந்த அரங்கில் தொடங்கிய பயணம் அடுத்த மார்ச்சிலேயே ராயல் ஆல்பர்ட் ஹாலை எட்டிவிட்டது. அதன் பிறகு திருவிழா மேடைகளும் வெளிநாட்டுச் சுற்றுப்பயணங்களும் வந்தன. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் எந்தக் காரணத்தைச் சொல்லி மீண்டும் கூடினீர்களோ, அந்தக் காரணம் இப்போது உங்கள் விளம்பரங்களில் என் கண்ணுக்குத் தென்படுவதில்லை. ஆகவே என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இனி நீங்கள் பெரிய அரங்குகளில் நடத்தும் நிகழ்ச்சிகளில் விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் ஒரு பவுண்டைச் சிறு இசையரங்குகளுக்கு ஒதுக்கி, அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஏற்கெனவே அப்படிக் கொடுத்துவருகிறீர்கள் என்றால் அறிவிப்பு மட்டும் போதும்.

நான் ஒலி அமைப்புப் பார்த்துவந்த கிழக்கு லண்டன் சிற்றரங்கு சென்ற குளிர்காலத்தில் மூடப்பட்டது. அதன் பெயர் இங்கே தேவையில்லை. அதன் கதைதான் ஊருக்கு ஊர் நடக்கிறது. உடை மாற்றும் அறை என்று அங்கே ஒன்று இருந்ததில்லை. பீர் பீப்பாய்களுக்கும் பின்கதவுக்கும் நடுவிலிருந்த நடையில் நின்றுதான் பாடகர்கள் சட்டை மாற்றுவார்கள். மைக்குகளின் வலைத்தலை எத்தனையோ பேரின் பற்கள் பட்டு நசுங்கியிருக்கும். ஒவ்வொரு வாரமும் அவற்றைக் கழற்றி, உள்ளே இருக்கும் பஞ்சைச் சோப்பு நீரில் அலசிக் காயவைப்பது என் வேலை. கடைசி இரவில் லீட்ஸிலிருந்து வந்திருந்த நான்கு இளைஞர்கள் வாசித்தார்கள். வாசல் வசூலில் அவர்களுடைய பங்கை எண்ணிக் கொடுத்தபோது, டிரம்ஸ் வாசித்த பெண் அதை வாங்கிக்கொண்டு, வேனுக்குப் போட்ட டீசலின் ரசீதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரசீதுதான் பெரிய தொகை. அரங்க உரிமையாளரிடம் அதற்கு மேல் கொடுக்க ஒன்றுமில்லை. வாடகை ஏறிவிட்டது, மின்கட்டணம் ஏறிவிட்டது, பக்கத்து மனையில் புதிதாக எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து இரைச்சல் புகார் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. அரங்கு அங்கே இருப்பது தெரிந்தேதான் அவர்கள் குடிவந்தார்கள் என்பதை மாநகராட்சிக்கு எழுதி எழுதிப் பார்த்ததுதான் மிச்சம்.

இது ஓர் இடத்து அழுகை அல்ல. பிரிட்டனில் 2023-இல் மட்டும் 125 சிறு இசையரங்குகள் நேரடி இசையைக் கைவிட்டன அல்லது மூடப்பட்டன என்றும், 2024-இல் ஏறத்தாழ 44 சதவீத அரங்குகள் நட்டத்தில் ஓடின என்றும் சிற்றரங்குகளுக்காகப் பாடுபடும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் அமைப்பு கணக்குக் காட்டியது. பெரிய அரங்குகளின் டிக்கெட்டில் ஒரு பவுண்டைச் சிற்றரங்குகளுக்கு ஒதுக்கும் யோசனை 2024-இல் நாடாளுமன்றக் குழுவிலேயே முன்வைக்கப்பட்டது. அரசும் அதை ஆதரித்தது. ஆனால் கட்டாயமாக்காமல், விரும்பியவர்கள் செய்யலாம் என்று விட்டுவிட்டது. விரும்பியவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். கோல்ட்ப்ளே குழு தன் 2025 பிரிட்டன் ஸ்டேடியம் நிகழ்ச்சிகளின் வருவாயில் பத்து சதவீதத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டது. நீங்கள் வாசித்துவிட்டு வந்த ராயல் ஆல்பர்ட் ஹாலும் அதே ஆண்டில் இந்த ஒரு பவுண்டுத் திட்டத்துக்கு முன்வந்தது. உங்கள் மார்ச் நிகழ்ச்சி புற்றுநோயால் பாதிக்கப்பட்ட இளைஞர்களுக்காக நடந்தது என்பதை நான் மறக்கவில்லை. அதற்கு என் வணக்கம். ஆனாலும், பங்க் இசை கேலி செய்து வளர்ந்த மென்மையான பாட்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் பங்க் குழுவை முந்திக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குச் சற்றே கூச்சமாக இருக்கிறது.

சிற்றரங்குகள் இல்லாவிட்டால் நீங்கள் இல்லை என்பதை உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை. 1975 நவம்பர் 6 அன்று செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் நீங்கள் முதன்முதலாக வாசித்தபோது, பாதியிலேயே மின்சாரத்தைத் துண்டித்தார்கள். 1976 ஜூனில் மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் உங்களைக் கேட்க வந்த கூட்டம் மிகச் சிறியது. ஆனால் அதை ஏற்பாடு செய்தவர்கள் பஸ்காக்ஸ் குழுவைத் தொடங்கியவர்கள், அங்கே கேட்க வந்தவர்களிடமிருந்துதான் ஜாய் டிவிஷன் குழு கிளம்பியது. ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் 100 கிளப் இல்லாமல் உங்கள் 1976-ஐ யாராலும் எழுத முடியாது. அந்த 100 கிளப்பே 2010-இல் மூடப்படும் நிலைக்கு வந்து பிழைத்தது. 1977 கிறிஸ்துமஸ் அன்று, வேலைநிறுத்தத்தில் இருந்த தீயணைப்பு ஊழியர்களின் குழந்தைகளுக்காக ஹடர்ஸ்ஃபீல்டில் பகல் நிகழ்ச்சி நடத்தி, கேக் வெட்டி, அந்தக் கேக்கை ஒருவர் முகத்தில் ஒருவர் அப்பிக்கொண்டு விளையாடினீர்கள். (க்ளென் அப்போது குழுவில் இல்லை என்பது தெரியும், அவர் மன்னிக்க வேண்டும்.) கையில் காசு இல்லாத காலத்திலேயே கொடுக்கத் தெரிந்திருந்தவர்கள் நீங்கள்.

பழியைத் தூக்கிப் போட இப்போது வேறு தோளும் இல்லை. உங்கள் பழைய மேலாளர் மால்கம் மெக்லாரன் பணத்தைச் சுருட்டினார் என்று ஒரு காலத்தில் சொன்னீர்கள். 1986-இல் அந்த வழக்கு முடிந்து உரிமைகள் உங்கள் கைக்கே வந்துவிட்டன. உங்கள் பழைய பாடகர் ஜான் லைடன் ஒத்துவர மாட்டார் என்று பிறகு சொன்னீர்கள். பெரும்பான்மை முடிவே போதும் என்ற 1998 ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டி, உங்கள் கதையைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடருக்குப் பாடல்களைக் கொடுக்கும் உரிமையை 2021 ஆகஸ்டில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வென்றும் காட்டினீர்கள். அவர் உங்கள் இப்போதைய மேடையைக் கரோக்கி என்கிறார். அந்தச் சண்டையில் எனக்குப் பங்கில்லை. பாடகர் மாறினாலும் கிதாரும் டிரம்ஸும் பாஸும் உங்களுடையவைதான் என்று நினைக்கிறவன் நான். ஆனால் ஜானை மீறி ஒரு தொடருக்கு அனுமதி கொடுக்க நீதிமன்றப் படியேறத் துணிந்தவர்களுக்கு, சொந்த டிக்கெட்டில் ஒரு பவுண்டை எடுத்து வைக்க யாருடைய கையெழுத்து தேவைப்படுகிறது?

1996-இல் முதன்முறை மீண்டும் கூடியபோது, அந்தச் சுற்றுப்பயணத்துக்கே இழிந்த காசு என்ற பொருளில் பெயர் வைத்தீர்கள். எங்களிடம் பொய் சொல்லவில்லையே என்று நாங்களும் சிரித்துக்கொண்டே காசு கொடுத்தோம். 2006-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் உங்களைக் கௌரவிக்க அழைத்தபோது, ஒரு மேசைக்கு 25,000 டாலரா என்று கிண்டலடித்துக் கையால் கடிதம் எழுதி அனுப்பினீர்கள், ஊரே கைதட்டியது. இன்று ஸ்டால்களில் உங்கள் பெயர் போட்ட சட்டை, குவளை, சாவிக்கொத்து எல்லாம் கிடைக்கின்றன. கலகம் கூடப் பத்திரமாகப் பொட்டலம் கட்டப்பட்டு, ரசீதோடு வீடு வந்து சேர்கிறது. அந்த ரசீதில் எங்கேனும் ஓர் ஓரத்தில் பீர் பீப்பாய்களுக்கு நடுவே சட்டை மாற்றும் பிள்ளைகளுக்கும் ஒரு வரி இருந்தால், நான் இந்த மடலை எழுதியே இருக்க மாட்டேன்.

கோபம் எல்லை மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டும். ஸ்டீவ் அவர்களின் மணிக்கட்டு முறிவால் 2025-இன் வட அமெரிக்கப் பயணம் தள்ளிப்போனபோது உண்மையாகவே வருந்தினேன். கை முழு வலுவோடு நெடுநாள் வாசிக்கட்டும். நீங்கள் முதலில் மேடையேறி ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில், இன்னும் பல நிகழ்ச்சிகளை அறிவிப்பீர்கள் என்றே எதிர்பார்க்கிறேன். அந்த அறிவிப்புகளில், ஊர், தேதி, அரங்கின் பெயர் ஆகியவற்றுக்குக் கீழே, இந்த டிக்கெட்டில் ஒரு பவுண்டு சிறு இசையரங்குகளுக்குச் செல்கிறது என்ற ஒரு வரியையும், ஆண்டு முடிவில் எந்தெந்த அரங்குக்கு எவ்வளவு போனது என்ற கணக்கையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிழக்கு லண்டனில் மைக் செட் பார்க்கும் ஒருவர்