பனிக்குவியலிலிருந்து என்னை இழுத்தெடுத்தவருக்கு

சிறுவயதில், புதுப்பனி விழுந்த காலைகளில் நாங்கள் வீட்டுக்குள் இருந்ததே இல்லை. வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியிருக்கும் நாளின் பனியில் சற்றே ஈரம் இருப்பதால் அது உருண்டையாகப் பிடிபடும். கடுங்குளிரில் விழுவதோ உலர்ந்த மாவைப் போல விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கைகளே கற்றுக்கொண்டன.

அப்படியொரு பிற்பகலில், சறுக்குப்பலகை கவிழ்ந்து, இடுப்பளவுப் பனியில் நான் தலைகுப்புறப் புதைந்தேன். புதுப்பனியின் பெரும்பகுதி காற்றுதான். அது ஒலியை விழுங்கிவிடும் என்பதால், நான் கத்தியது பத்தடி தள்ளி விளையாடிக்கொண்டிருந்த தோழர்களுக்குக்கூடக் கேட்கவில்லை. அவ்வழியே சென்ற நீங்கள்தான், வெளியே தெரிந்த ஒற்றைக் காலணியைக் கண்டு, வெறுங்கைகளால் பனியைத் தோண்டி என்னை வெளியே இழுத்தீர்கள்.

வெளுத்து மரத்திருந்த என் விரல்களைப் பனியாலேயே தேய்க்கச் சொன்னார் ஒருவர். பலர் இன்றும் நம்பும் தவறான வைத்தியம் அது. தேய்த்தால் தோலும் திசுவும் மேலும் சேதமடையும். நீங்கள் அதைத் தடுத்து, ஈரக் கையுறைகளைக் கழற்றி, என் விரல்களை உங்கள் அக்குளில் பொத்திவைத்துக்கொண்டு, நான் வலியில் அழுதபோது, "நல்லதுதான், இரத்தம் திரும்புகிறது" என்றீர்கள். உங்கள் மேலங்கியில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. முகம் மறந்துபோன எனக்கு அது மட்டும் நினைவிருக்கிறது.

பெயர் கேட்கத் தோன்றாத வயது. அம்மா வந்து சேர்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அன்று சொல்லாமல் விட்ட நன்றியை இப்போது சொல்கிறேன், ஐயா.