புல்லை இலையை வைத்துப் பிரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் வயல்வெளிப் புற்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் எல்லாவற்றுக்கும் உயரமும் இலை அகலமும்தான் அடையாளமா? பத்தமடைப் பாய்க்கு அறுக்கிற கோரையையும் நெல்லோடு ஒரே குடும்பத்தில் சேர்த்துவிட்டீர்கள். கோரை வேறு குடும்பம். அதில் பூ ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு செதில்தான். நெல்லில் இரண்டு மடல்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பூவை மூடியிருக்கும், ஆலையில் உமியாகப் பிரிவது அவைதான்.

இலை நிழலுக்கு ஒரு மாதிரி, தண்ணீருக்கு ஒரு மாதிரி வளரும். பிசானப் பருவ நெல்லுக்குள் நிற்கிற குதிரைவாலிக் களையை இளசில் கண்டுபிடிக்க என்ன பாடு படுகிறோம், கதிர் வந்த பிறகு யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1814-இலேயே கதிரிலுள்ள சிறுகதிரின் (ஒரு பூவோ சில பூக்களோ சேர்ந்த சிறு கொத்து) அமைப்பைப் பார்த்துப் புற்களை இரண்டு பெரும் பிரிவாக்கினார். குதிரைவாலி, கம்பு வகையில் சிறுகதிருக்குள் இரண்டு பூ, அதில் கீழ்ப்பூ விதை பிடிக்காது. இந்தக் கூட்டத்தை இன்றைய மரபணு ஆய்வும் பெரும்பாலும் ஏற்கிறது.

அப்புறம் மகரந்தப்பை. தை மாதம் வெயில் ஏறுகிற நேரம் நெல் வயலில் இறங்கி ஒரு கை லென்ஸால் பாருங்கள், பூவின் அடியிலுள்ள இரண்டு குட்டிச் செதில்கள் நீர் ஏறிப் பெருத்து உமியைத் தள்ளித் திறக்கும் (இதழ்கள் குறுகிப்போய் மிஞ்சியவை அவை), ஆறு மகரந்தப்பைகள் வெளியே தொங்கும். சோளத்திலும் கம்பிலும் மூன்றுதான். ஆறு என்பது பழைய எண்ணிக்கை, லில்லியிலும் ஆறு. மூங்கில் பலவற்றிலும் ஆறு உண்டு. ஆனால் பழையது இரண்டிலும் தங்கியிருப்பதால் மட்டும் உறவு உறுதியாகிவிடாது, மரபணுவைப் பார்த்த பிறகுதான் நெல்லுக்குக் கம்பைவிட மூங்கில் நெருங்கிய சொந்தம் என்று தெளிவானது. நம் அகத்தியமலைக் காட்டு ஈத்தையில், அதாவது ஓக்லாண்ட்ராவில், மகரந்தத்தாள்கள் நூறைத் தாண்டுவதும் உண்டு!

அமெரிக்க வெப்பக் காடுகளிலுள்ள அனோமோக்ளோவா, ஸ்ட்ரெப்டோகீட்டா என்ற புல்வகைகள் இரண்டுக்கும் வழக்கமான சிறுகதிரே கிடையாது. புல் குடும்பத்தில் முதலில் பிரிந்த கிளை அவை. அப்படியானால் நாம் காண்கிற சிறுகதிர் அந்தக் கிளை பிரிந்த பிறகு உருவாகியிருக்க வேண்டும். இவ்வளவும் ஒரு பூவுக்குள் இருக்கும்போது இலையோடு நிறுத்திக்கொண்டது எனக்கு வருத்தம்.

அடுத்த கட்டுரையில் ஒவ்வொரு புல்லுக்கும் பூத்த கதிரைப் பெரிதாக்கி ஒரு படமாவது போடுங்கள். கோரையைப் பற்றிய திருத்தத்தையும் வெளியிடுங்கள், பிள்ளைகள் அதை அப்படியே படித்துக்கொள்வார்கள்.

ஒரு வாசகர்,
அம்பாசமுத்திரம்